டிராக்‌ஷன் கன்ட்ரோலை எப்போது ஆஃப் செய்யலாம்? எம்340ஐ காரை வைத்து ஒரு விளக்கம்

பட்டனில் கை வைக்கும் முன், அது எதை ஆஃப் செய்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு வீல் மட்டும் வேகமாகச் சுழன்றால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாமல் தடுக்கும் வசதி) சென்சார் அதைக் கண்டுபிடிக்கும். உடனே இன்ஜின் சக்தி குறையும், அந்த வீலுக்குப் பிரேக் விழும். இது டிராக்‌ஷன் கன்ட்ரோல். வளைவில் வண்டி வழுக்கிச் சுற்றாமல் பிடிப்பது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். 2021-இல் இந்தியாவுக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்340ஐ (சென்னைக்குப் பக்கத்தில்தான் அசெம்பிள் ஆகிறது) காரில் இரண்டுக்கும் ஒரே டிஎஸ்சி (டைனமிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) பட்டன். குழப்பமே அங்கேதான்.

ஒரு தட்டு தட்டினால் மீட்டரில் ‘டிராக்‌ஷன்’ என்று வரும். இது டிடிசி (டைனமிக் டிராக்‌ஷன் கன்ட்ரோல்) மோட். வீலைக் கொஞ்சம் சுழல விடும், வண்டி ரொம்ப விலகினால் பிடிக்கும். ‘டிஎஸ்சி ஆஃப்’ என்று வரும்வரை அழுத்திப் பிடித்தால் அந்தப் பிடியும் போய்விடும். ஏபிஎஸ் மட்டும் இரண்டிலும் இருக்கும்.

மணலிலோ சேற்றிலோ மாட்டினால்

1. ஒரு வீல் மட்டும் சுழன்றால் ஆஃப் செய்யாதீர்கள். அதைப் பிரேக் பிடித்தால்தான் எதிர் வீலுக்குச் சக்தி போகும். எல்லா வீலும் பிடிப்பில்லாமல், மிதிக்க மிதிக்க இன்ஜின் அடங்கிப்போனால் டிடிசி-க்கு மாறுங்கள்.
2. ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் மிதிக்காமலும் கொடுங்கள்.
3. 2, 3 வினாடியில் நகராவிட்டால் காலை எடுங்கள். மேலும் மிதித்தால் டயரே குழி தோண்டி, வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். டயருக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, சாக்கோ கால்மிதியோ போட்டுப் பாருங்கள்.
4. கெட்டித் தரை வந்ததும் மறுபடி தட்டி ஆன் செய்யுங்கள்.

நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோலுக்கும் டிடிசி வேண்டும். இன்ஜின் சூடாகி, கியர் எஸ்-இல் (ஸ்போர்ட்) இருக்க, இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். மீட்டரில் கொடிச் சின்னம் வந்த 3 வினாடிக்குள் பிரேக்கை விட வேண்டும்.

ரேஸ் டிராக்கில்

இருங்காட்டுக்கோட்டையோ கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயோ, முதல் 2, 3 சுற்று எல்லாம் ஆனில் இருக்கட்டும். டயர் சூடாகட்டும். மீட்டரில் மஞ்சள் விளக்கு எந்த வளைவில் சிமிட்டுகிறது என்று பாருங்கள்; அங்கே டிஎஸ்சி வண்டியைப் பிடிக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் குற்றம் காலில்தான். 500 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) 2,000 ஆர்பிஎம்முக்கு முன்பே வந்துவிடும். ஸ்டியரிங் நேராக நேராக ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுங்கள். சிமிட்டல் குறைந்த பிறகு டிடிசி போடலாம். அடிக்கடி வீலைப் பிரேக் பிடிப்பது நின்றால் பின் பிரேக் பேடும் அவ்வளவு சூடாகாது.

முழு ஆஃப், பக்கத்தில் பயிற்சியாளர் இருக்கும்போது மட்டும். புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: பின்பக்கம் வழுக்கியதும் பயந்து காலைச் சட்டென எடுத்துவிடுவார்கள். எடை முன்னால் பாயும், பின் டயர்கள் லேசாகும், வண்டி ஒரு சுற்று சுற்றிவிடும். பார்வையைப் போகவேண்டிய பக்கம் வைத்து, ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே திருப்பி, காலை மெதுவாகத் தளர்த்துங்கள்.

மழை பெய்தாலும், டயர் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தாலும், பொது ரோட்டில் ஓட்டினாலும் டிஎஸ்சி பட்டனைத் தொடவே வேண்டாம். பிட்டில் (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் தானாக ஆன் ஆகிவிடும். அடுத்த சுற்றுக்குக் கிளம்பும் முன் மீட்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.