பூனைக்கு ஆஸ்துமா மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூனை தரையோடு பதுங்கிக் கழுத்தை முன்னால் நீட்டி இருமும்போது, விழுங்கிய முடியைக் கக்கப் பார்க்கிறது என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். எதுவும் வெளியே வராமல் அந்த இருமல் அடிக்கடி வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். ஆனால் நுரையீரல் புழுவும் இதே தொல்லையைத் தரும் என்பதால், மார்பு எக்ஸ்ரே முதலியவற்றைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் உறுதிசெய்யும் முன் எந்த மருந்தையும் தொடங்கக் கூடாது.

மிகக் கொடிய தவறு, வீட்டிலுள்ள சளி மாத்திரையில் கால் பங்கை உடைத்துக் கொடுப்பதுதான். அம்மாத்திரைகள் பலவற்றில் செட்டிரிசினுடன் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். பாராசிட்டமாலைப் பூனையின் கல்லீரலால் சரிவரச் சிதைக்க முடியாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறுகள் பழுப்பேறி, முகமும் பாதங்களும் வீங்கும். ஒரே மாத்திரையில் உயிரே போய்விடலாம்.

அடுத்தது, இருமல் நின்றதும், அழற்சியைத் தணிக்க மருத்துவர் தரும் பிரட்னிசலோன் மாத்திரையை நாமாகவே நிறுத்துவது. இருமல் கேட்காததால் மூச்சுக்குழாயின் அழற்சி தணிந்துவிட்டதாகப் பொருளில்லை. மேலும், இந்த ஸ்டீராய்டைத் தொடர்ந்து கொடுக்கையில் அட்ரினல் சுரப்பி தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்வதால், திடீரென்று நிறுத்தினால் பூனை சோர்ந்து, வாந்தியெடுத்து, மயங்கி விழவும் கூடும். அளவை எத்தனை நாளில், எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இதற்கிடையில் பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்தால், நீரிழிவு தொடங்கியிருக்கலாம் என்பதால் உடனே தெரிவியுங்கள். மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்தை இதனுடன் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையில் புண் உண்டாகலாம்.

இன்ஹேலரில் வரும் குழப்பம் வேறு வகையானது. அழற்சியைத் தணிக்கும் இன்ஹேலர் ஸ்டீராய்டான ஃப்ளூட்டிகசோன் முழுப் பலன் தர ஓரிரு வாரம் ஆகும். அதுவரை பிரட்னிசலோன் மாத்திரை தொடர வேண்டும். மூச்சுத் திணறலை அது அப்போதே தணிக்காது. அதற்குரியது மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால், அதையோ தினசரி மருந்தாக்கினால் அழற்சி கூடிவிடக்கூடும். இரண்டையும், இன்ஹேலருக்கும் முகமூடிக்கும் நடுவில் பொருத்தும் ஸ்பேசர் குழாயும் முகமூடியும் வைத்தே கொடுக்க வேண்டும். அழுத்திய உடனே முகமூடியை எடுத்துவிடாமல், ஸ்பேசரின் வால்வு அசைவதைப் பார்த்து ஏழிலிருந்து பத்து மூச்சு வரை எண்ணுங்கள். எங்கள் பூனைக்கு, மருந்தில்லாத வெறும் முகமூடியைப் பழக்கவே பத்து நாள் ஆயிற்று. அதன் விளிம்பில் தடவிய, வெறுமனே வேகவைத்த மீனை நக்கி நக்கித்தான் பயம் தெளிந்தது. அவசரப்பட்டு அமுக்கிப் பிடித்திருந்தால், குழாயைக் கண்டாலே கட்டிலடியில் ஒளிந்திருக்கும்.

வீட்டில் நாயும் இருந்தால் இன்ஹேலரை உயரத்தில் வையுங்கள். நாய் கடித்து ஓட்டை போட்டால் பல வேளைக்குரிய சால்பூட்டமால் ஒரே நொடியில் அதன் உடலுக்குள் போய், இதயம் படபடத்து, இரத்தத்தில் பொட்டாசியம் அபாயகரமாகக் குறையும். மருந்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு அதே அறையில் கொசுவர்த்தியோ சாம்பிராணியோ கொளுத்துவதும் வேண்டாம்.

பூனை உறங்கும்போது மூச்சை எண்ணிக் குறித்து வாருங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருப்பதே இயல்பு. நாற்பதைத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, அந்த நேரத்தில் மாத்திரையைத் தொண்டைக்குள் திணிக்காமல், மருத்துவர் சொல்லித்தந்தபடி சால்பூட்டமாலைக் கொடுத்து, மருந்துச் சீட்டுடன் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.