ஆஞ்சியோன்னா எது? கிரேக்க வால்களில் நாம் கோட்டைவிடும் இடங்கள்

"அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணிட்டாங்க." போனில் யாராவது இப்படிச் சொன்னால், ஆறுதல் சொல்வதா, ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று கேட்பதா, எனக்குப் புரிவதில்லை. ஆஞ்சியோகிராமா, ஆஞ்சியோபிளாஸ்டியா? முன்னது ரத்தக் குழாயில் சாய மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். பின்னது அடைபட்ட குழாயை பலூனால் விரித்து, பெரும்பாலும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயும் வைத்துவிடும் சிகிச்சை. 'ஆஞ்சியோ' என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கலம், பாத்திரம் என்று பொருள்; மருத்துவத்தில் அது ரத்தக் குழாயைக் குறிக்கிறது. ஆக, சொல்லின் தலை இடத்தை மட்டும்தான் காட்டும். அங்கே என்ன செய்தார்கள் என்று சொல்வது வால். 'கிராம்' என்றால் பதிந்து கிடைத்தது, 'பிளாஸ்டி' என்றால் வடிவம் கொடுப்பது. நாம் வாலை நறுக்கிவிட்டுத் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

கிராம், கிராஃப், கிராஃபி மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அடுத்தது. ஈசிஜி எடுத்ததும் கையில் தருகிறார்களே, கட்டம் போட்ட தாள், அதுதான் கார்டியோகிராம். அதைப் பதிகிற கருவி கார்டியோகிராஃப். பதிகிற முறை கார்டியோகிராஃபி. ஆனால் இந்தக் கணக்கை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்காதீர்கள். ஃபோட்டோகிராஃப் கருவி இல்லை, படம். ஆட்டோகிராஃப் கையெழுத்து. பழகிய சொற்களுக்கு இலக்கணம் முந்தியா, பழக்கம் முந்தியா என்று கேட்டால் பழக்கம்தான்.

'ஸ்கோப்' வந்தாலே கண்ணால் பார்ப்பது என்று நினைப்பதும் தவறு. ஸ்டெதாஸ்கோப்பில் யார் எதைப் பார்த்தார்கள்? 1816இல் பாரிஸில் ரெனே லெனெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண் நோயாளியின் மார்பில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்டார். அதிலிருந்து பிறந்த கருவிக்கு மார்பு, கவனித்தல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். கவனித்தல், ஆராய்தல், காவல் பார்த்தல் எல்லாம் அந்த வேருக்குள் அடங்கும். பிஷப் என்ற சொல்கூட 'எபிஸ்கோபோஸ்' என்ற கிரேக்கச் சொல் தேய்ந்து வந்ததுதான்: மேலிருந்து கவனிப்பவர். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பு இதைக் 'கண்காணி' என்று போட்டிருப்பதைப் பார்த்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. இலங்கை, மலாயா தோட்டங்களில் தொழிலாளர்களை மேய்த்த கங்காணியும் அதே சொல். மைக்ராஸ்கோப்பும் பிஷப்பும் கங்காணியும் பொருளில் ஒரே குடும்பம் என்றால் எந்த மாணவர் மறப்பார்?

ஹாரஸ்கோப்பும் இதே வகை: பிறந்த பொழுதைக் கவனிப்பது. அதன் தலையிலுள்ள 'ஹோரா' கிரேக்கத்திலிருந்து சம்ஸ்கிருத ஜோதிடத்துக்குப் போய், நம் காலண்டரில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று தினமும் தொங்குகிறது.

பணத்துக்கும் பயத்துக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டவை 'டமி' குடும்பத்துச் சொற்கள். 'டமி' என்றால் வெட்டுதல் அல்லது திறத்தல், 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்துவிடுதல், 'ஆஸ்டமி' என்றால் வாய்போல ஒரு திறப்பு வைத்தல். கிரேனியாட்டமியில் மண்டையோட்டைத் திறப்பார்கள். அப்பெண்டெக்டமியில் குடல்வால் போயே போய்விடும். கொலாஸ்டமியில் பெருங்குடலுக்கு வயிற்றில் வழி வைப்பார்கள். கையெழுத்துப் போடும் படிவத்தில் 'எக்' என்ற அசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் லேப் வாசலில் ஃபிளபாட்டமி என்று எழுதியிருந்தால் ஓடிவிட வேண்டாம். பெயர் நாளத்தை வெட்டுவது. நடப்பது ஊசியில் ரத்தம் எடுப்பது மட்டும். டோமோகிராஃபியிலும் கத்தி இல்லை. சிடி ஸ்கேன் (CT) என்பதில் வரும் 'டி' அதுதான். உடலைத் துண்டு துண்டாக நறுக்கியதுபோல் படம் எழுதுவது. நறுக்கப்படுவது படம் மட்டுமே. இந்த முறைக்காக 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பயாப்சி என்றதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. 1879இல் எர்னஸ்ட் பெனியே என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் உருவாக்கிய இந்தச் சொல்லில் உயிர், பார்வை என்ற இரண்டு பொருள்கள் மட்டும்தான் இருக்கின்றன. உயிருள்ளவரிடமிருந்து துளி சதையை எடுத்துப் பார்ப்பது. புற்றுநோய் என்ற தீர்ப்பு அதற்குள் இல்லை; கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளுக்கும் செய்கிறார்கள். ஆட்டாப்சி, அதாவது பிரேதப் பரிசோதனை, அதன் அண்ணன். 'தன்னைத் தானே வெட்டுவது' என்று ஒரு மாணவர் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். 'தன் கண்ணாலேயே பார்ப்பது' என்பதே மூலப் பொருள். அந்தப் பொருளை அப்படியே செய்துகாட்டியவர் மருத்துவர்கூட இல்லை. மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், 1854இல் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியை இன்னொரு கண்ணாடியால் திருப்பி, தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். குரல்வளைக்குள் பார்க்கும் லாரிங்காஸ்கோபியின் வரலாறு எழுதுபவர்கள் அவரை விடுவதில்லை.

ஓரிரு எழுத்தில் கவிழ்க்கும் ஜோடி ஒன்று உண்டு: கொலனாஸ்கோபி, கால்பாஸ்கோபி. முன்னது பெருங்குடலுக்குள் பார்ப்பது. பின்னது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது. போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது உறுப்பின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உச்சரிப்புக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது 'ஸ்கோபி'க்கு முன்னால் உள்ள அசையில் அழுத்தம் விழும், எண்டாஸ்கபி என்பதுபோல. தமிழில் பேசும்போது எண்டோஸ்கோப்பி என்றால் குடி முழுகிவிடாது.

கடைசியாக, கருவி வாசனை அடிக்கும் எல்லாமே கிரேக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மேமோகிராமின் தலை லத்தீன், வால் கிரேக்கம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பும் அப்படியே. போஸ்ட்மார்ட்டம் முழுக்க லத்தீன். ஸ்கேன் என்பதும் லத்தீன் வழி வந்தது. ஆங்கிலத்தில் முதலில் அதற்கு மருத்துவமனையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செய்யுளின் அடியைச் சீர் சீராகப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். நம் தமிழாசிரியர்கள் கரும்பலகையில் நேர், நிரை போட்டுச் செய்ததும் ஸ்கேன்தான். அவர்கள் அதை அலகிடுதல் என்றார்கள்.