'120 நிமிடம்' என்று எழுதியிருந்தால் போதுமா? தீ தாங்கும் நேரத்தைப் படிப்பதில் நடக்கும் தவறுகள்

வண்ணார்பேட்டையில் ஆஸ்பத்திரிகள், ஜங்ஷன் பக்கம் லாட்ஜுகள், டவுனில் மாடிக்கு மேல் மாடியாக ஜவுளிக்கடைகள் என்று நெல்லையிலும் கட்டடங்கள் உயர்ந்துவிட்டன. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வாங்க வேண்டுமே என்று ஃபயர் டோரும் ஃபயர் பெயிண்டும் கொட்டேஷனில் ஏறிவிடுகின்றன. பக்கத்தில் '120 நிமிடம்' என்று போட்டிருக்கும். அதற்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் குறைவு.

அது உலையில் வைத்துப் பார்த்த கணக்கு. சோதனை உலையின் சூடு 5 நிமிடத்தில் சுமார் 576 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரத்தில் 945, இரண்டு மணி நேரத்தில் 1,050 வரை ஏறும். உண்மையான தீ இந்த அட்டவணைப்படி எரியாது. துணி அடைத்த குடோனில் இதைவிட வேகமாகவும் ஏறலாம். ஆகவே, 'ரெண்டு மணி நேரம் உள்ளே பயமில்லாமல் இருக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆட்கள் சில நிமிடங்களிலேயே வெளியேறிவிட வேண்டும்.

சோதனையில் மூன்று விஷயம் பார்க்கிறார்கள். பாரம் தாங்குகிறதா, தீயும் சூடான வாயுவும் மறுபக்கம் புகாமல் நிற்கிறதா, மறுபக்கம் சூடேறாமல் இருக்கிறதா. கடைசிக்கு வரம்பு உண்டு: தொடக்க வெப்பநிலையைவிடச் சராசரியாக 140 டிகிரி, எந்த ஓர் இடத்திலும் 180 டிகிரிக்கு மேல் கூடக்கூடாது. ஒரு கதவு தீயை 120 நிமிடம் தடுத்து, சூட்டை 20 நிமிடம் மட்டுமே தடுக்கலாம். விளம்பரத் தாளில் பெரிய எண்தான் இருக்கும். படிக்கட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கதவு இருந்தால், அனலில் அதைத் தாண்டி ஆட்கள் போக வேண்டியிருக்கும். சோதனை அறிக்கையை வாங்கி, இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அதிகம் நடக்கிற தவறு வேறு. 'அண்ணாச்சி, ரெண்டு மணி நேர டோர்லா, ஒண்ணும் ஆகாது' என்று மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த நேரம் பலகைக்கு மட்டும் கிடைத்ததில்லை. நிலை, கீல், பூட்டு, ஓரத்தில் சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை, கதவைத் தானே மூடவைக்கும் க்ளோசர் எல்லாம் சேர்ந்து உலையில் நின்றதற்குக் கிடைத்த நேரம். பழைய மர நிலையில் புதுக்கதவைப் பொருத்தினாலோ, பார்ப்பதற்கு வசதியாக ஆசாரியை விட்டு நடுவில் வெட்டிச் சாதாரணக் கண்ணாடி வைத்தாலோ அறிக்கை செல்லாது. காற்று வரட்டும் என்று கதவிடுக்கில் செங்கல்லைக் கொடுத்துத் திறந்தே வைத்திருக்கிறார்களே, அங்கே எத்தனை நிமிடக் கதவு என்ற பேச்சே வேண்டாம்.

சரி, கதவு ஒழுங்காக இருக்கிறது. பக்கத்தில் மின்சார ஷாஃப்டைத் திறந்து பாருங்கள். தளத்தில் ஒரு முழம் அகலத்துக்கு ஓட்டை, அதன் வழியே கொத்தாக கேபிள், மிச்ச இடத்தில் சிமென்ட் சாக்கை மடித்துச் செருகியிருப்பார்கள். சில இடத்தில் ஏசி குழாய்க்கு அடிக்கிற மஞ்சள் நுரை இருக்கும். தீத்தடுப்புக்கென்று சோதிக்காத நுரை எரியும். 2011 டிசம்பரில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்தது அடித்தளத்தில். புகை மேல்மாடிகளுக்கு ஏறி சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி. இரண்டு மணி நேரச் சுவரில் துளை போட்டால், அதை அடைப்பதும் அதே நேரத்துக்குச் சோதித்த பொருளாக, அதே வகைக் குழாய்க்கும் கேபிளுக்கும் சோதித்ததாக இருக்க வேண்டும்.

இரும்பு எரியாது என்பதால் தாங்கும் என்று நினைப்பது இன்னொன்று. 550 டிகிரி வாக்கில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஷீட் கூரை போட்ட மண்டபம், குடோன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சூட்டில் உப்பிக் காக்கும் பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் மெல்லிய இரும்பு சீக்கிரம் சூடாகும் என்பதால் அதற்குப் பூச்சு கூடுதலாக வேண்டும். 'ரெண்டு கோட் அடிச்சாச்சு' என்பது கணக்கில்லை. காய்ந்த பூச்சின் கனத்தை அளவுமானி வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட்டிலும் நேரம் ஒளிந்திருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி தளத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டுமானால் 20 மி.மீ. மூடாக்கும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்) 95 மி.மீ. கனமும் போதும். இரண்டு மணி நேரம் என்றால் கனம் 125 மி.மீ.; மூடாக்கு பல தாங்கல்கள் மேல் தொடர்ச்சியாகப் போகும் தளத்துக்கு 25 மி.மீ., இரு முனையில் மட்டும் தாங்கும் தளத்துக்கு 35. நம் ஊரில் வழக்கமாகப் போடும் நாலரை அங்குலத் தளம் அதற்கு எட்டாது. மூடாக்குக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த ஓட்டுச் சில்லைத் தள்ளினால் இன்னும் குறையும். இதைக் கான்கிரீட் கொட்டும் முன்பே பார்க்க வேண்டும், அப்புறம் வழியில்லை.

கட்டடத்தில் குடிவந்த பிறகு இன்டர்நெட்காரர், ஏசிக்காரர், சிசிடிவிக்காரர் எல்லோரும் டிரில் மெஷினோடு வருவார்கள். போட்ட துளையைச் சோதித்த பொருளால் அடைத்து, போட்டோ காட்டினால்தான் கடைசி பில் என்று வேலைக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.