ரெக்கவரிக்கு என்று விழுங்குபவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோற்றுக்குப் பதிலாகப் புரோட்டீன் பவுடர் குடிக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன். இது பல வருடம் ஓடிப் பழகியவர்களுக்கு. எங்கள் காலத்தில் நாங்கள் அடித்த கூத்தையே இன்றைய பிள்ளைகள் கூடுதல் விலை கொடுத்து அடிக்கிறார்கள்.

பயிற்சி முடிந்த கையோடு வைட்டமின் சி, ஈ

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வரும். என்னிடம் 1500 மீட்டர் ஓடும் பையன் ஒருவன். இன்டர்வல் பயிற்சி (வேகமாக ஓடி, சற்று ஓய்ந்து, மறுபடி ஓடுவது) முடித்து மூச்சு அடங்குவதற்குள் பையைத் திறப்பான். 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை தண்ணீர் பாட்டிலில் புஸ்ஸென்று நுரைக்கும். கூடவே பச்சை நிறத்தில் ஒரு வைட்டமின் ஈ கேப்சூல். “ஃப்ரீ ராடிக்கல்ஸ் கெட்டதுதானே சார், அழிச்சுட்டா சீக்கிரம் ரெக்கவர் ஆகிடலாம்ல?” கடைக்காரர் ஓதிய வேதம்.

கடுமையாக ஓடினால் தசையில் ஃப்ரீ ராடிக்கல்ஸ், அதாவது செல்லோடு எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள், பெருகுவது உண்மைதான். ஆனால் ‘இந்த வேலைக்கு இருக்கிற மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பு) பத்தாது, இன்னும் உண்டாக்கு’ என்று தசைக்குத் தகவல் போவதும் ஓரளவு அவற்றால்தான். மாத்திரையை அள்ளிக் கொட்டினால் அந்தத் தகவல் மங்கிவிடும். 2009இல் ஜெர்மனியில் ரிஸ்டோவ் என்ற ஆய்வாளரின் குழுவினர், உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பாதிக்கு 4 வாரம் தினமும் 1000 மி.கி. சி, 400 ஐ.யூ. ஈ கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை இல்லாதவர்களுக்கு உடல் இன்சுலினைப் பயன்படுத்தும் திறன் கூடியது, விழுங்கியவர்களுக்குக் கூடவில்லை. 2014இல் வெளியான நார்வே ஆய்வு 11 வாரம் நடந்தது. அதில் மாத்திரை எடுத்தவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா புரதங்கள் உயர்வது தடைப்பட்டது. விஓ2 மேக்ஸில் (உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவில்) மட்டும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அதனால், அந்தப் பையனின் டைமிங் குறையாததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, வலியாவது குறையுமா? 2017இல் வந்த, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வின்படி, குறைவது ஓடுபவருக்கு உறைக்கிற அளவில்கூட இல்லை. பிறகு எதற்கு இந்தச் செலவு?

கொய்யாவும் நெல்லிக்காயும் தாராளமாகத் தின்னலாம். நான் சொல்வது மாத்திரைக் கணக்கை. ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து டாக்டர் எழுதிக் கொடுத்தது என்றால் அதில் நான் தலையிட மாட்டேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்து அலறுவது

தசைக்கு பலம் தரும் என்று கிரியேட்டின் பவுடர் எடுப்பவருக்கு, கிட்னி பரிசோதனையில் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ரத்தத்தில் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். அதை மட்டும் வைத்துக் கிட்னி போச்சு என்று முடிவுகட்டாதீர்கள். என்ன எடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கிரியேட்டின் தினம் 3 முதல் 5 கிராம் போதும். ஸ்பூனைக் குவித்து அள்ள வேண்டாம்.

‘மூலிகைதானே’

2011இல் ஊக்கமருந்து சோதனையில் சிக்கிய நம் 4x400 ரிலே பெண்கள், ஜின்செங் என்ற மூலிகை மாத்திரையில் கலந்திருந்தது என்றார்கள். ஸ்டீராய்டு உடம்பில் இருந்தது. 2012இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை ஓராண்டிலிருந்து இரண்டாக்கியது. பேட்ச் வாரியாகச் சோதித்த முத்திரை இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

மாலைப் பயிற்சிக்கு முன் காஃபீன்

வேண்டாம். ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி ரத்தத்தில் நிற்கும், தூக்கம் வராது.