கேஷ் நம்ம காசுதானா? ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி

கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லே காசிலிருந்துதான் போனது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு பெரியப்பா அடிக்கடி ஃபார்வர்டு செய்வார். பாதி சரி. எந்தப் பாதி என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் வேறு சொற்களையும் இதே மாதிரி விசாரிக்கலாம்.

முதலில் ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம் வெப்ஸ்டர் மாதிரி ஒரு நல்ல அகராதியில் அந்தச் சொல் எத்தனை தலைச்சொல்லாக (தனிப் பதிவாக) வருகிறது என்று பாருங்கள். எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் பிறப்பு வேறென்றால் எண் போட்டுத் தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். இதைக் கவனிக்காமல் தாவுவதால்தான் பாதி வதந்திகள் பிறக்கின்றன. கேஷ், பெயர்ச்சொல்லாகவே இரண்டு இருக்கிறது.

அப்புறம் ஒவ்வொன்றின் பிறப்புக் குறிப்பையும் நிதானமாகப் பின்னோக்கிப் படியுங்கள். நாம் தினமும் சொல்லும் கேஷ் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வருகிறது. அதற்கு முன்னால் பிரெஞ்சு, அதற்கும் முன்னால் இத்தாலிய மொழியின் காஸ்ஸா, எல்லாவற்றுக்கும் பின்னால் லத்தீன் காப்ஸா, அதாவது பெட்டி. ரோமானியர்கள் பாப்பிரஸ் சுருள்களைப் போட்டு வைத்த உருளைப் பெட்டிக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்திலும் ஆரம்பத்தில் கேஷ் என்றால் பணப்பெட்டி, நம்ம பாஷையில் கல்லா. பெட்டியின் பெயர் உள்ளே கிடந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டு, 18ஆம் நூற்றாண்டில் பெட்டி காணாமல் போய்ப் பணம் மட்டும் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆகுபெயர்தான், வேறொன்றுமில்லை.

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. தமிழ்க் காசு போர்த்துகீசியர் வாயில் காய்ஷா ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய்ச் சின்னச் செப்புக் காசைக் குறித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம் (அப்போது அதுவும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற தங்க நாணயம். 1808இல் வெளிவந்த 20 காசு நாணயத்தில் கேஷ் என்றே ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயங்களையும் ஐரோப்பியர்கள் கேஷ் என்றே அழைத்தார்கள். இதில் வேடிக்கை, போர்த்துகீசியத்தில் பெட்டிக்கும் காய்ஷா என்றுதான் பெயர், அது லத்தீன் காப்ஸாவின் பிள்ளை. ஒலி மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறவர் இங்கே வழுக்கி விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். (காசுக்கும் பின்னால் சமஸ்கிருதக் கர்ஷ என்று அகராதிகள் போடுவது தனிச் சண்டை, அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.)

அடுத்து உறவினர்களைத் தேடுங்கள். காப்ஸா வீட்டில் கேசட், பெட்டி என்ற பொருளில் வரும் கேஸ், 'குட்டிப் பெட்டி'யான காப்சூல் எல்லாம் இருக்கின்றன. பணம் வாங்கும் கேஷியரும் இந்த வீட்டு ஆள்தான், ஆனால் ராணுவத்தில் அதிகாரியை அவமானப்படுத்தி வேலையைவிட்டு நீக்குவதைச் சொல்லும் கேஷியர் என்ற வினைச்சொல் வேறு வேரிலிருந்து வந்தது. முந்திரியைக் குறிக்கும் கேஷ்யூ பிரேசிலின் துபி மொழியிலிருந்து போர்த்துகீசியம் வழியாக வந்தது, கேஷ்மியர் கம்பளி காஷ்மீரின் பெயர். முதல் நாலு எழுத்து ஒன்று என்பதால் சொந்தம் கொண்டாட முடியாது.

கடைசியாக, சொல் போன பாதை தெரிகிறதா என்று பாருங்கள்: யார் வாங்கினார்கள், எங்கே வைத்து வாங்கினார்கள், எந்தப் பொருளோடு. கட்டுமரம் கேட்டமரான் ஆனதற்கும், சுருட்டு ஷெரூட் ஆனதற்கும் இந்தப் பாதை கண்ணுக்குத் தெரியும். கடற்கரை, கப்பல், புகையிலை எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கும்.

பழகிப் பார்க்க கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் நடக்கும் கேஸ் பெட்டியிலிருந்து வரவில்லை, 'விழுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் காஸுஸிலிருந்து வந்தது. அகராதியில் அதற்கும் தனி எண் இருக்கும்.