கையை ஊன்றி விழுந்தால் முதலில் அமுக்கிப் பார்க்க வேண்டிய குழி

போன ஐப்பசி மழையில் மதுரை சிம்மக்கல் பக்கம் வண்டி வழுக்கி, வலது உள்ளங்கையை ரோட்டில் ஊன்றி விழுந்தேன். வீக்கம் கொஞ்சம்தான். அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முறிவு இல்லை, சுளுக்குதான் என்று சொன்னார்கள். வீட்டில் அப்பத்தா நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார். மூன்று வாரமாகியும் பூட்டில் சாவியைத் திருக முடியவில்லை. மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில்தான் மணிக்கட்டில் ஸ்கேபாய்ட் என்கிற சின்ன எலும்பு விரிசல் விட்டிருந்தது தெரிந்தது, அப்புறம் பத்து வாரம் மாவுக்கட்டு. அந்த மூன்று வாரம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: மோதிரத்தைக் கழற்றுங்கள்

மோதிரம், வளையல், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். வரவில்லையென்றால் சோப்புத் தண்ணீர் போட்டுச் சுழற்றி எடுங்கள். அப்புறம் நகத்தை அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் சில்லிட்டு நீலம் பாரித்திருக்கிறது, மரத்துப் போயிருக்கிறது, கை கோணியிருக்கிறது, எலும்பு தோலைக் கிழித்திருக்கிறது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். நடு ராத்திரியானாலும் கோரிப்பாளையம் பக்கம் அரசு இராசாசி மருத்துவமனையில் அவசரப் பிரிவு இருக்கிறது. வயதான பெண்கள் விழுந்து, மணிக்கட்டுக்கு மேலே கை முள்கரண்டி மாதிரி வளைந்து தெரிந்தால் அது பெரும்பாலும் முறிவுதான், அதை நீங்களாக இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது: பொடிக் குழி

நான் கோட்டை விட்ட இடம் இதுதான், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டோரம் இரண்டு நரம்பு மாதிரி புடைத்து நிற்கும். உண்மையில் அவை தசைநாண்கள். நடுவே ஒரு பள்ளம் தெரியும். மூக்குப்பொடி போடுகிற தாத்தாக்கள் சிட்டிகைப் பொடியை வைத்து உறிஞ்சுவார்களே, அந்தப் பள்ளம்தான், டாக்டர்களும் அதைப் பொடி டப்பா என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். அடுத்த கையின் ஆள்காட்டி விரலால் அதற்குள் அமுக்குங்கள். நல்ல கையிலும் அதே அளவு அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் பலமாக அமுக்கினால் எல்லோருக்கும் கொஞ்சம் வலிக்கும். அடிபட்ட பக்கம் தெளிவாக அதிகம் வலிக்கிறதா? உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே இருக்கிற சின்னப் புடைப்பில் வலிக்கிறதா? கட்டைவிரலை அதன் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கித் தள்ளினால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும், இல்லை என்று உறுதியாகும் வரை முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் இதுதான் கணக்கு. விலகாத மெல்லிய விரிசல் முதல் நாளில் படத்தில் விழாமல் போகலாம். 10 முதல் 14 நாளில் விரிசலின் விளிம்பு கொஞ்சம் கரைந்து கோடு தெரிய ஆரம்பிக்கும். அதனால் ஸ்கேபாய்டுக்கென்று தனிக் கோணங்களில் படம் கேளுங்கள், கட்டைவிரலையும் சேர்த்து ஸ்பிளிண்ட் (அசையாமல் பிடிக்கிற பட்டை) போட்டுக்கொண்டு அந்த இரண்டாவது எக்ஸ்ரேக்குக் கட்டாயம் போங்கள். வசதி இருந்தால் எம்ஆர்ஐயில் முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம், அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து நுழைந்து முழங்கைப் பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. நடுவில் விரிசல் விட்டால் பின்பாதி பட்டினி கிடந்து செத்துப் போகலாம், பின்னாளில் மூட்டே தேய்ந்துவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒட்டுவது இன்னும் தாமதம்.

மூன்றாவது: கட்டு

ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் மடித்த அட்டையைத் துண்டில் சுற்றி, முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை வைத்துத் துணியால் கட்டி, கழுத்தில் தூளி போட்டுத் தொங்கவிடுங்கள், விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றி 15–20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம். எண்ணெய், சூட்டு ஒத்தடம், நீவல் எதுவும் வேண்டாம். வெறும் கிரேப் பேண்டேஜை நான் நம்ப மாட்டேன், அது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தாது. கட்டைவிரலைச் சேர்த்துப் பிடிக்கிற ஸ்பிளிண்ட்தான் வாங்குங்கள்.

எக்ஸ்ரே எடுக்காமல் நாட்டுக்கட்டுக்குப் போவதை, முக்கியமாகக் குழந்தைகளின் முழங்கை முறிவுக்கு, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். இறுக்கிய கட்டுக்குள் தசைக்கு ரத்தம் நின்று, கை வாழ்நாள் முழுக்க மடங்கியே போன பிள்ளைகள் உண்டு. எந்தக் கட்டாக இருந்தாலும் சரி, போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போனால், விரலை நீட்டிவிடும்போது பிள்ளை அலறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே போய்ப் பிரிக்கச் சொல்லுங்கள்.

பிறகு சேர்த்தது

விழவே இல்லை, ஆனாலும் அம்மாவுக்கு அதே பொடிக் குழிப் பக்கம் வலிக்கிறது என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அந்த அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். சுரீரென்று இழுத்தால் அது பெரும்பாலும் தசைநாண் உறையின் வீக்கம், எலும்பு இல்லை. சில வாரம் முடிச்சு வேலையைக் குறைத்து அதே கட்டைவிரல் ஸ்பிளிண்டைப் போட்டால் பலருக்கும் அடங்கும், அடங்காவிட்டால் டாக்டர் ஊசி போடுவார்.

இன்னொருவருக்குக் கிரிக்கெட் பந்து பட்டு விரல் நுனி தொங்கிவிட்டது, நிமிர்த்தினால் நிமிர்கிறது, விட்டால் விழுகிறது. எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய முறிவு இல்லையென்றால் நுனி மூட்டை மட்டும் நேராக வைக்கிற ஸ்பிளிண்ட் 6 முதல் 8 வாரம், இரவு பகல் எந்நேரமும். நடுவில் ஒரே ஒரு தடவை மடங்கினாலும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அதனால் கழுவுவதற்காகக் கழற்றும்போது விரலை மேஜையில் தட்டையாக வைத்துக்கொண்டே கழற்றுங்கள், வீட்டில் யாராவது நுனியைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.