இதயச் செயலிழப்பு உள்ளவரின் நாடித்துடிப்பை வீட்டில் எண்ணி எழுதி வைப்பது எப்படி?

இதயச் செயலிழப்பு என்னும் நோயில் இதயம் நின்றுவிடுவதில்லை. உடலுக்கு வேண்டிய இரத்தத்தை இறைத்து அனுப்பும் வலிமை அதற்குக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன் அறையில் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் 'பம்பிங்' என்பார்கள். எக்கோ என்னும் இதய ஸ்கேன் பார்த்த பின் "பம்பிங் 30தான் இருக்கிறது" என்று மருத்துவர் சொல்லி, மாத்திரைச் சீட்டுடன் வீட்டுக்கு அனுப்பிய ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காக இதை எழுதுகிறேன். பலர் இரத்த அழுத்தத்தைக் கவனிக்கிறார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதை எழுதி வைப்பவர்கள் மிகக் குறைவு. அந்த எண் சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது என்பதால், அதை முறையாக எடுக்கக் கற்றுக்கொள்வது அவசியம்.

வேதாரண்யத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டு, தஞ்சாவூரில் இறங்கி, வெயிலில் வரிசையில் நின்று சீட்டு வாங்கி, மாடிப்படி ஏறி மருத்துவர் முன் உட்காரும் நோயாளிக்குத் துடிப்பு 95 என்று காட்டினால், அது நோயினால் வந்ததா அலைச்சலினால் வந்ததா என்று அங்கே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டில் எடுத்த இரண்டு வாரக் கணக்கு கையில் இருந்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், காபி குடிப்பதற்கும் மாத்திரை போடுவதற்கும் முன்பு எண்ணுவது நல்லது. கும்பகோணத்துப் பக்கம் கண் விழித்தவுடன் டவராவைத் தேடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சற்றுக் கடினம்தான். ஆனாலும் காபியும் புகையிலையும் துடிப்பை உயர்த்தக்கூடியவை. நோயாளி சாய்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்து, முழுதாக 60 நொடிகள் எண்ணுங்கள். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் நாடியையே எண்ணிவிடக்கூடும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்த நோயாளிகளுக்குப் போதாது, ஏனெனில் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். தேதி, எண், துடிப்பு சீராக இருந்ததா இல்லையா, அன்றைய எடை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரத்த அழுத்தக் கருவியின் திரையில் நாடித்துடிப்பும் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் அழுத்தம் பார்த்தால் அந்த எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நாடி சீரில்லாதவர்களுக்கு மட்டும் கருவியை முழுதாக நம்பக் கூடாது; சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வராமலே போகும் என்பதால், செவிலியர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணுவதே சரி.

இனி, அந்த எண் என்ன சொல்கிறது என்பது. நிமிடத்துக்கு 90 துடிக்கும் இதயம், 70 துடிக்கும் இதயத்தைவிட ஒரு நாளைக்கு 28,800 முறை கூடுதலாகச் சுருங்குகிறது. இதயத் தசைக்கான இரத்தம் பெரும்பாலும் அது விரியும் நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு கூடக் கூட அந்த நேரம் சுருங்கி, வேலை கூடி, ஊட்டம் குறைகிறது. 2010இல் வெளியான ஷிஃப்ட் என்ற ஆய்வில், பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழும், துடிப்பு சீராகவும் 70 அல்லது அதற்கு மேலும் இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். வழக்கமான மருந்துகளோடு, துடிப்பைக் குறைக்கும் ஐவாபிராடின் என்ற மருந்தும் பெற்றவர்களிடம், இதயநோயால் இறப்பதோ இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வதோ 18 சதவீதம் குறைந்தது. மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களிடமோ ஆய்வின் தொடக்கத்தில் இருந்த துடிப்பு நிமிடத்துக்கு ஒவ்வொன்று கூடும்போதும் ஆபத்து 3 சதவீதம் கூடியது.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களிடம் குறைந்த துடிப்புக்கும் நீண்ட ஆயுளுக்கும் அப்படித் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. ஐவாபிராடினும் அவர்களுக்குப் பயன்படாது. பம்பிங் இயல்பாக இருந்தும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், பேஸ்மேக்கர் வைத்தவர்களும் தங்களுக்குரிய எண்ணை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: எண் குறைகிறதே என்று பயந்து பைசோப்ரோலால், கார்வெடிலால், மெட்டோப்ரோலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். பம்பிங் குறைந்தவர்களின் உயிரைக் காப்பதாக இம்மருந்துகள் பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டவை. முதல் சில வாரங்கள் சோர்வு தந்தாலும், பலன் மாதக்கணக்கில்தான் தெரியும். திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறி, நோய் முற்றலாம். துடிப்பு 58 இருந்து, தலைசுற்றல் இல்லாமல் நோயாளி நன்றாக நடமாடினால், பெரும்பாலும் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். 50க்குக் கீழே போனாலோ, மயக்கமோ கண் இருட்டுவதோ இருந்தாலோ, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வழக்கமாக 70 இருந்தவருக்குச் சில நாட்களாக 90 என்று வந்தால், காரணத்தைத் தேடுங்கள். காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு, வயிற்றுப்போக்கு, விட்டுப்போன மாத்திரை, மூச்சிரைப்புக்குப் போடும் சில மருந்துகள் என எதுவும் காரணமாகலாம். நடவு, அறுவடைக் காலங்களில் உடம்புவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இதயச் செயலிழப்பை முற்றச் செய்யும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவற்றின் உப்பும் அப்படியே. மூன்று நாளில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடி, கால் வீங்கி, துடிப்பும் ஏறியிருந்தால் அடுத்த முறைச் சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுதல், நெஞ்சுவலி, நினைவு தப்புதல் ஆகியவற்றுக்கு உடனே 108ஐ அழையுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோய், இரண்டு கேள்விகள் கேளுங்கள்: துடிப்பைக் குறைக்கும் பைசோப்ரோலால் போன்ற மாத்திரையின் அளவை இன்னும் கூட்ட இடமிருக்கிறதா? தாங்கக்கூடிய முழு அளவு கொடுத்தும் துடிப்பு 70க்குக் கீழே வராவிட்டால், ஐவாபிராடின் இவருக்குப் பொருந்துமா?